திசை அறிந்த படம்

ஓரிடத்தில் நின்றபடியே முழுவட்டமாகத் திரும்பினால் கண்ணில் படும் அனைத்தையும், தலைக்கு மேலுள்ள கூரை முதல் காலடித் தரை வரை எதையும் விடாமல், ஒரே படமாக இணைத்து, பார்ப்பவர் விரல் நுனியால் வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளும்படி அமைத்ததே சுற்றுக்காட்சி அல்லது பனோரமா எனப்படுகிறது. இத்தகைய சுற்றுக்காட்சிகள் பலவற்றை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் வழிகளோடு கோத்துவிட்டால் கிடைப்பது மெய்நிகர் உலா. வீடு விற்பவர்களும் கல்லூரி நடத்துபவர்களும் ‘வர்ச்சுவல் டூர்’ என்று குறிப்பிடுவது இதைத்தான். தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றை ஒட்டி வயலும் ஏரிக்கரையுமாக இருந்து மனைப்பிரிவுகளாக மாறிய முடிச்சூர் போன்ற புறநகரில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் விமானம் ஏறாமலே ஒரு வீட்டின் கூடத்தையும் சமையலறையையும் மொட்டைமாடியையும் சுற்றிப் பார்த்துவிட முடிகிறது. அவர் பார்ப்பது உண்மையான படம்தான். ஆனால் அந்தப் படம் எந்தக் கேள்விக்கு விடை சொல்லும், எந்தக் கேள்விக்கு வாய் திறக்காது என்பது அதன் வடிவியலிலேயே அடங்கியிருக்கிறது. சுற்றுக்காட்சி என்பது, அழகை நீக்கிவிட்டுப் பார்த்தால், கோணங்களை மட்டும் அளந்து வைத்திருக்கும் ஒரு கருவி.

இந்தக் கருவியின் முதல் வடிவம் கணினிக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது. அயர்லாந்தில் பிறந்த ஓவியர் ராபர்ட் பார்க்கர், உருளை வடிவச் சுவரின் உட்புறம் முழுவதும் ஒரே காட்சியை வரைந்து, நடுவில் நிற்பவருக்கு அந்த இடத்திலேயே நிற்பதுபோன்ற உணர்வை உண்டாக்கும் முறைக்கு 1787இல் காப்புரிமை பெற்றார். 1793இல் லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கெனவே ஒரு வட்டக் கட்டடம் எழுந்தது. வளைந்த பரப்பில் நேர்கோட்டை நேராக வரைந்தால் அது பார்ப்பவருக்கு வளைந்து தெரியும் என்பதால், எந்தக் கோட்டை எவ்வளவு வளைத்து வரைய வேண்டும் என்பதைக் கணக்கிடுவதே பார்க்கருடைய கலையின் உள்ளடக்கமாக இருந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டின முற்றுகை மறு ஆண்டே லண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டரின் தூரிகையில் பிரம்மாண்டமான பனோரமாவாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதே முற்றுகையில் பங்கெடுத்த வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி, 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கு அருகே சங்கிலியை நீட்டி, பெரும்பாக்கம் பக்கமாக ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களால் அளந்த மாபெரும் நில அளவை அந்தக் கோட்டிலிருந்துதான் புறப்பட்டது. பார்க்கர் ஒரே புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளையும் காட்டினார். லாம்டன் இரண்டு புள்ளிகளிலிருந்து தொலைவைக் கண்டுபிடித்தார். மெய்நிகர் உலாவின் வலிமையும் வறுமையும் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் இருக்கின்றன.

சுற்றுக்காட்சிப் படம் கணினியில் சேமிக்கப்படும்போது பெரும்பாலும் அகலம் உயரத்தைப் போல் இருமடங்கான செவ்வகமாக இருக்கும். கிடைமட்டமாக 360 டிகிரி, செங்குத்தாக 180 டிகிரி என்பதால் இந்த விகிதம் வருகிறது. 8000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் உள்ள படத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 22 பிக்சல்கள் கிடைக்கும். எந்தப் பிக்சலைத் தொட்டாலும் அது எத்தனை டிகிரி வலப்புறம், எத்தனை டிகிரி மேலே அல்லது கீழே என்று உடனே சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் ஏற்றக்கோணமும் இறக்கக்கோணமும் இங்கே ஒவ்வொரு பிக்சலுக்கும் முகவரியாகின்றன. உலக உருண்டையைத் தட்டையான வரைபடமாக விரிக்கும்போது கிரீன்லாந்து ஊதிப் பெருத்துத் தெரிவதற்கு என்ன காரணமோ அதே காரணத்தால் இந்தச் செவ்வகத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் இழுபடுகின்றன: நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி மேலே உள்ள பகுதி பக்கவாட்டில் இருமடங்கு நீண்டிருக்கும், உச்சியில் ஒரே ஒரு புள்ளியாக இருக்க வேண்டிய மின்விசிறிக் கொக்கி படத்தின் முழு அகலத்துக்கும் பட்டையாகப் பரவியிருக்கும். பார்க்கும் மென்பொருள் அந்தச் செவ்வகத்தை மீண்டும் ஒரு கோளத்தின் உட்புறத்தில் போர்த்தி, நடுவிலிருந்து சிறு சாளரம் வழியாகக் காட்டுவதால்தான் கொக்கி மறுபடி கொக்கியாகிறது.

ஒரே லென்ஸ் முழுக் கோளத்தையும் ஒரே நொடியில் பிடிப்பதில்லை. ஆகவே கேமராவைத் திருப்பித் திருப்பிப் பல படங்கள் எடுத்து இணைக்க வேண்டும். சாதாரண லென்ஸானால் ஒரு சுற்றுக்குப் பத்துப் படம் போல எடுத்து, அப்படி மூன்று சுற்றுகளும் உச்சிக்கும் தரைக்கும் தனிப்படங்களும் தேவைப்படும். பார்வைக்கோணம் 180 டிகிரியை எட்டும் மீன்விழி லென்ஸானால் நான்கைந்து படங்களிலேயே வேலை முடியும். முன்னும் பின்னுமாக இரண்டு மீன்விழி லென்ஸ்களைப் பொருத்தி ஒரே சொடுக்கில் முடித்துவிடும் சிறு கேமராக்கள் 2013இல் ரிக்கோ நிறுவனத்தின் தீட்டாவோடு பொதுமக்கள் சந்தைக்கு வந்தன. எந்த முறையாயினும் ஒரு விதி மாறாது: படங்கள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒற்றை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பார்த்தால், அருகிலுள்ள விரல் பின்னணியின் மேல் இடம் பெயர்வதைக் காணலாம். இடமாறு தோற்றம் என்று இயற்பியல் சொல்லும் இந்த விளைவு, முக்காலியின் மேல் கேமராவைக் கவனமின்றித் திருப்பும்போது லென்ஸ் சில சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவதாலும் உண்டாகிறது. லென்ஸ் 5 சென்டிமீட்டர் நகர்ந்தால், ஒரு மீட்டர் தொலைவிலுள்ள கதவுச் சட்டம் ஏறத்தாழ 2.9 டிகிரி விலகித் தெரியும். 100 மீட்டர் தொலைவிலுள்ள தண்ணீர்த் தொட்டியோ 0.03 டிகிரிகூட விலகாது. மேலே சொன்ன 8000 பிக்சல் படத்தில் முதலாவது 60 பிக்சலுக்கு மேல், இரண்டாவது ஒரு பிக்சலுக்கும் குறைவு. ஏரிக்கரையில் நின்று கையாலேயே கேமராவைத் திருப்பி எடுத்த சுற்றுக்காட்சி பிசகின்றி இணைவதும், பத்துக்குப் பத்து அடிப் படுக்கையறையில் அதே முறை அலமாரியை இரண்டாக உடைத்துவிடுவதும் இதனால்தான். லென்ஸை முன்னிருந்து பார்த்தால் ஒளி நுழையும் துளை உள்ளே எந்த ஆழத்தில் இருப்பதாகத் தோன்றுகிறதோ, அந்த இடமே சுழற்சியின் அச்சாக அமைய வேண்டும். அதை இடமாறா மையம் எனலாம். தேர்ந்த புகைப்படக்காரர்கள் இதற்கெனத் தனியாக ஒரு தலைப்பகுதியை முக்காலியில் பொருத்தி, அருகே ஒரு குச்சியையும் தொலைவில் ஒரு கம்பத்தையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து, கேமரா திரும்பும்போது இரண்டும் விலகாத நிலை வரும்வரை முன்னும் பின்னுமாக நகர்த்தி அந்த மையத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதன் அருமையான எடுத்துக்காட்டு தஞ்சாவூரில் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 அச்சுப்படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக ஆக்கினார். அவர் கேமராவை ஓரிடத்தில் நிறுத்திச் சுழற்றவில்லை. சுவரோடு சேர்ந்து நகர்த்திக்கொண்டே போனார். இருந்தும் எழுத்துகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்குக் காரணம், படமெடுக்கப்பட்ட பொருள் பெரும்பாலும் தட்டையான சுவராக இருந்ததுதான். தட்டையான பரப்பில் அருகு, தொலைவு என்ற வேறுபாடு இல்லாததால் இடமாறு தோற்றம் படத்தைக் குலைக்க வழியில்லை. கேமரா நகராமல் சுழன்றால் காட்சி எப்படியிருந்தாலும் இணையும், காட்சி தட்டையாக இருந்தால் கேமரா எப்படி நகர்ந்தாலும் இணையும் என்ற இரண்டு நிலைகளுக்கும் ஒரே கணிதச் சமன்பாடுதான் பொருந்துகிறது என்பதை இன்றைய பாடநூல்கள் நிறுவிக்காட்டுகின்றன. அந்தச் சமன்பாடு கைவசம் இல்லாமலே, ஈரம் உலராத கண்ணாடித் தகடுகளோ மெழுகு பூசிய தாள்களோ மட்டுமே கிடைத்த காலத்தில், டிரைப் அதன் இரண்டாம் பாதியைக் கருங்கல்லின் மேல் செயல்படுத்திவிட்டார்.

படங்களை இணைக்கும் வேலை நீண்ட காலம் மனிதக் கண்ணை நம்பியே நடந்தது. இரண்டு படங்களிலும் தெரியும் ஒரே சன்னல் மூலையை இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று சுட்டிக்காட்டினால், மீதிக் கணக்கை மென்பொருள் போட்டுக்கொள்ளும். ஜெர்மானியப் பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ் 1998இல் வெளியிட்ட பனோரமா டூல்ஸ் இந்தக் கணக்கை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. இன்று யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் ஹியூகின் என்ற மென்பொருள் அதன் வழிவந்தது. மனிதக் கண்ணின் வேலையையும் கணினியே எடுத்துக்கொண்டது அடுத்த கட்டம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லோ, படத்தைப் பெரிதாக்கினாலும் சுழற்றினாலும் மாறாமல் அடையாளம் காணக்கூடிய சிறு புள்ளிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஓர் எண்வரிசையால் விவரிக்கும் முறையை 1999இல் முன்வைத்தார். அவரும் மேத்யூ பிரௌனும் 2003இல், கலைத்துப்போட்ட படக்குவியலிலிருந்து எவை எவை ஒரே சுற்றுக்காட்சியைச் சேர்ந்தவை என்பதைக்கூடத் தானே கண்டறியும் முறையை அதன்மேல் கட்டினார்கள்.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு, அது தீர்க்கப்பட்ட விதமும் அழகானது. ஒரு படத்தின் புள்ளியை மறு படத்தின் புள்ளியோடு பொருத்தும்போது கணினி அடிக்கடி ஏமாறும்: ஒரே மாதிரியான கிரில் கம்பிகள், ஒரே மாதிரியான தரை ஓடுகள், வரிசையாக நிற்கும் தூண்கள் எல்லாம் ஒன்றையொன்று போலவே இருப்பதால், கிடைக்கும் இணைகளில் பாதிகூடத் தவறாக இருக்கலாம். அத்தனையையும் சராசரி எடுத்தால் சரியானவையும் கெட்டுப்போகும். ஃபிஷ்லர், போல்ஸ் என்ற இருவர் 1981இல் வெளியிட்ட முறை சராசரியை நாடுவதில்லை. தற்செயலாக நான்கே இணைகளை எடுத்து, அவை உண்மையென்று வைத்துக்கொண்டு இரு படங்களுக்கும் இடையிலான உறவைக் கணக்கிட்டு, மற்ற இணைகளில் எத்தனை இதை ஆதரிக்கின்றன என்று எண்ணுகிறது. பிறகு வேறு நான்கை எடுத்து மறுபடி எண்ணுகிறது. இணைகளில் பாதிதான் சரி என்றால், எடுத்த நான்கும் சரியாக அமையும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. 500 முறை திரும்பத் திரும்ப முயன்றும் ஒருமுறைகூட நல்ல நான்கு சிக்காமல் போகும் வாய்ப்பு நூறு லட்சம் கோடியில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். பொய்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, உண்மைகள் ஒத்துப்போகின்றன என்பதே இதன் அடித்தளம். இறுதியில் எல்லாப் படங்களின் திசைகளும் லென்ஸின் குணங்களும் ஒருசேரத் திருத்தப்பட்டு, பிழை முழுவட்டத்திலும் பங்கிடப்படுகிறது; இல்லாவிட்டால் சிறு சிறு பிழைகள் சேர்ந்து கடைசிப் படத்துக்கும் முதல் படத்துக்கும் இடையே ஒரு பிளவாக வந்து நிற்கும்.

அடையாளப் புள்ளிகளே இல்லாத இடத்தில் இந்த முறை கைவிரிக்கிறது. மேகமற்ற வானம், அசையும் ஏரித் தண்ணீர், அதைவிட மோசமாக, அப்போதுதான் வெள்ளையடித்து முடித்த காலி வீடு. விற்பனைக்கு வரும் புது வீடுகள் எல்லாம் இந்தக் கடைசி வகை என்பதால், படமெடுப்பவர்கள் அளவறிந்து திருப்பும் முக்காலித் தலையை நம்புகிறார்கள், அல்லது சுவரில் பிய்த்தெடுக்கக்கூடிய சிறு ஒட்டுக்களை வைத்துவிட்டுப் பின்னர் படத்திலிருந்து நீக்குகிறார்கள். அறைக்குள்ளிருக்கும் மங்கலான ஒளிக்கும் சன்னலுக்கு வெளியே கொளுத்தும் வெயிலுக்கும் உள்ள வேறுபாடு இன்னொரு தொல்லை. ஒவ்வொரு திசையிலும் ஒளியளவை மாற்றி மூன்று முதல் ஐந்து படங்கள் எடுத்துக் கலந்தால்தான் இரண்டும் ஒருங்கே தெரியும். படங்கள் சேரும் விளிம்பு தெரியாமலிருக்க, 1983இல் பர்ட், ஆடெல்சன் இருவரும் காட்டிய வழி இன்றும் நிலைக்கிறது: வானத்தின் நிறம் போன்ற மெல்ல மாறும் பகுதிகளை அகலமான பட்டையிலும், இலை விளிம்பு போன்ற கூர்மையான விவரங்களைக் குறுகிய பட்டையிலும் தனித்தனியே கலக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் தெருவில் ஓடும் ஆட்டோ பாதியாகவும், திண்ணையில் எழுந்து நின்றவர் இருவராகவும் வந்து சேர்வதுண்டு.

சேர்ந்த படத்தைப் பார்வையாளரின் கைப்பேசிக்கு அனுப்புவதும் ஒரு கணக்கு. மனிதக் கண் பகுத்துணரும் நுண்மை ஏறத்தாழ ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு; அந்த நுண்மையில் முழுக் கோளத்தையும் பதிவு செய்தால் 21,600க்கு 10,800 என 23 கோடிப் பிக்சல்களுக்கு மேல் ஆகும், சுருக்காமல் வைத்தால் 700 மெகாபைட். அதனால் மென்பொருள் கோளத்தை ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களாக மாற்றி, ஒவ்வொரு முகத்தையும் 512 பிக்சல் சதுரங்களாக வெட்டி, பல அளவுகளில் அடுக்கி வைக்கிறது. மிக உயர்ந்த அடுக்கில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சதுரங்கள் இருந்தாலும், பார்ப்பவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கத்துச் சில சதுரங்கள் மட்டுமே இணையத்தில் பயணிக்கின்றன. ஆப்பிள் நிறுவனம் 1990களின் நடுவில் வெளியிட்ட குவிக்டைம் விஆர் இதற்கெனத் தனி நிரலை நிறுவச் சொன்னது. இப்போது பானெலம், மார்ஸிபானோ போன்ற திறந்தநிலை மென்பொருள்களும், கேஆர்பானோ, பானோ2விஆர், 3டிவிஸ்டா போன்ற விலைக்குக் கிடைப்பவையும் சாதாரண உலாவியிலேயே இதைச் செய்துவிடுகின்றன.

பல சுற்றுக்காட்சிகளைக் கோக்கும் வேலையில் கணிதம் குறைவு, கவனம் அதிகம். கூடத்துச் சுற்றுக்காட்சியில் சமையலறை வாசல் தெரியும் திசையில் ஹாட்ஸ்பாட் எனப்படும் தொடுபுள்ளி ஒன்றை வைத்து, அதைத் தொட்டால் சமையலறைக் காட்சி திறக்கும்படி எழுதுவது எளிது. ஆனால் திறக்கும் காட்சி எந்தப் பக்கம் பார்த்துத் திறக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான உலாக்கள் தடுமாறுகின்றன. வாசலை நோக்கி வடக்கே நடந்தவர், உள்ளே நுழைந்ததும் வடக்கையே பார்க்க வேண்டும். தெற்கே பார்த்து நின்றால், வந்த வழியையே முன்னேறும் வழியென்று எண்ணி வீட்டுக்குள்ளேயே தொலைந்துபோவார். எல்லாக் காட்சிகளுக்கும் பொதுவான வடக்கு ஒன்றைக் குறித்துவைப்பதும், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலை கண்ணுக்குத் தெரியும்படி இடங்களைத் தேர்வதும் இதற்கு மருந்து. வாஸ்து கேட்டே வீடு பார்க்கும் ஊரில் வடக்கைக் குறிக்காத உலா எப்படி வெளிவருகிறது என்பது வியப்புக்குரியது. 1978இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தார் ஆஸ்பென் நகரத் தெருக்களில், நான்கு திரைப்படக் கேமராக்களைக் காரின் மேலேற்றி, பத்தடிக்கு ஒருமுறை படமெடுத்து உருவாக்கிய உலாவே இவற்றுக்கெல்லாம் முன்னோடி. கூகுள் 2007இல் தொடங்கிய ஸ்ட்ரீட் வியூ அதை உலகளவுக்கு விரித்தது. இந்தியாவில் அதற்குப் பாதுகாப்புக் காரணங்களால் அனுமதி கிடைக்காமலிருந்து, தெருக்காட்சி அளவையை இந்திய நிறுவனங்களே செய்யலாம் என்ற 2021ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு, ஜெனசிஸ் இன்டர்நேஷனல், டெக் மகிந்திரா ஆகிய நிறுவனங்களின் துணையோடு 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் வந்தது. கோயில்கள் அதற்கு முன்னரே இந்தத் துறைக்குள் வந்துவிட்டன. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கைப்பேசியே செல்ல முடியாத இந்நாளில், அதன் மண்டபங்களைத் திரையில் சுற்றிப் பார்க்க முடிகிறது.

இனி, படம் சொல்லாதவற்றுக்கு வரலாம். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள கைப்பேசித் திரையை 35 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அது கண்ணில் ஏறத்தாழ 24 டிகிரிதான் அடைக்கும். உலா மென்பொருளோ அந்தத் திரைக்குள் வழக்கமாக 90 டிகிரி அல்லது அதற்கும் மேலான காட்சியைத் திணிக்கிறது. ஒவ்வொரு பொருளும் நேரில் தெரிவதைவிடச் சிறிதாகத் தெரிவதால், மூளை அதைத் தொலைவில் இருப்பதாகப் படிக்கிறது. நேரில் இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறை, திரையில் கல்யாணக் கூடமாகிறது. இதில் யாருடைய ஏமாற்று வேலையும் இருக்க வேண்டியதில்லை. கோணங்கள் அத்தனையும் சரியாக இருக்கும்போதே தொலைவு தவறாகத் தோன்றும், ஏனெனில் தொலைவு அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

அதை வரவழைக்க வேண்டுமானால் லாம்டனின் வழிக்குத்தான் போக வேண்டும். ஒரே பொருளை இரண்டு நிலைகளிலிருந்து பார்த்து, இரு நிலைகளுக்கும் இடையிலுள்ள நீளத்தை மட்டும் நாடாவால் அளந்தால், மீதியெல்லாம் முக்கோணக் கணக்கு. சுற்றுக்காட்சியை இணைக்கும்போது எந்த இடமாறு தோற்றம் பகையாக இருந்ததோ, தொலைவை அறியும்போது அதுவே ஒரே துணை. பல நிலைகளின் படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தை மீட்கும் மென்பொருள்கள் இதைத்தான் செய்கின்றன; அகச்சிவப்பு ஒளியையோ லேசரையோ வீசி ஆழத்தை நேரடியாக அளக்கும் மேட்டர்போர்ட் போன்ற கருவிகள் அந்தக் கணக்கையும் மிச்சப்படுத்துகின்றன. ஒற்றைச் சுற்றுக்காட்சியிலிருந்தே தொலைவைச் சொல்வதாகக் கூறும் மென்பொருளும் உண்டு. கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்ததென்றும், ஒரு புள்ளி 20 டிகிரி இறக்கக்கோணத்தில் தெரிகிறதென்றும் கொண்டால், அது 4.1 மீட்டர் தொலைவில் இருப்பதாக அது கணக்கிடும். தரை சமமாக இருக்கும்வரை இந்த விடை சரி. அந்தப் புள்ளியில் நிலம் அரை மீட்டர் பள்ளமாக இருந்தால், அதே 20 டிகிரியில் தெரியும் இடத்தின் உண்மைத் தொலைவு 5.5 மீட்டர். படத்தில் இரண்டும் ஒரே பிக்சல். மேட்டையும் பள்ளத்தையும் பிரித்தறியாமல் சமதளம் என்று முன்கூட்டியே நம்பிவிடும் கணக்கு, முடிச்சூரைப் போன்ற இடத்தில் வேறு எதையும்விட அதிகமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாற்றின் மேல்புறத்தில் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வெளியேற்றிய நீரும் சேர்ந்துகொள்ள, முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் மூழ்கின. அந்த வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைக் குறைசொல்வது பொதுவழக்கம் என்றாலும், அதன் உபரிநீர் அடையாற்றில் சேரும் இடம் முடிச்சூருக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கத்தில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே பகுதியில் தண்ணீர் புகுந்தது. ஆகவே இங்கே வீடு பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, ரோட்டுமட்டத்திலிருந்து பேஸ்மென்ட் எவ்வளவு உயரம், ரோடு பக்கத்துத் தெருவைவிட மேடா பள்ளமா என்பதாகவே இருக்கும்; கோடையில் எடுத்த மெய்நிகர் உலா அதைச் சொல்லாது என்று விட்டுவிடுவது வழக்கம்.

உண்மையில் அது சொல்லும். கேமரா துல்லியமாக மட்டம் பார்த்து நிறுத்தப்பட்டிருந்தால், சுற்றுக்காட்சியின் நடுக்கோடு, அதாவது ஏற்றமும் இறக்கமும் சுழியாக உள்ள பிக்சல் வரிசை, லென்ஸின் உயரத்தில் கிடைமட்டமாக ஓடும் ஒரு தளம். அந்தக் கோடு எந்தப் பொருளை எந்த இடத்தில் வெட்டுகிறதோ, அந்த இடம் பொருள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் லென்ஸின் உயரத்திலேயே இருக்கிறது. வீட்டுவாசலிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் லென்ஸ் இருக்க, எதிர்வீட்டுச் சுவரில் நடுக்கோடு வெட்டும் இடம் அந்த வீட்டின் வாசற்படியிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால், எதிர்வாசல் அரை மீட்டர் தாழ்ந்திருக்கிறது. நில அளவையர்கள் டம்பி லெவல் கருவியையும் அளவுக்கம்பத்தையும் கொண்டு செய்வதும் இதே வேலைதான். தொலைவை அறியாத படத்துக்கு மட்டம் தெரிந்திருக்கிறது. பெரும்பாலான உலாக்கள் இதற்குப் பயன்படாமல் போவதற்குக் காரணம் வடிவியல் அன்று, அலட்சியம்: முக்காலி அரை டிகிரி சாய்ந்திருந்தாலே 20 மீட்டர் தொலைவில் நடுக்கோடு 17 சென்டிமீட்டர் ஏறியோ இறங்கியோ போய்விடும். நீர்மட்டக் குமிழியை மட்டும் நம்பாமல், தூண்களின் விளிம்புகள், சன்னல் சட்டங்கள் போன்ற செங்குத்துக் கோடுகளைச் சுற்றிலும் பல திசைகளில் குறித்து, அவை நேராக நிற்கும்படி முழுக் கோளத்தையும் திருத்தும் வசதி ஹியூகின் உள்ளிட்ட மென்பொருள்களில் இருக்கிறது. கட்டடம் கட்டிய கொத்தனார் தூக்குக்குண்டை ஒழுங்காகப் பிடித்திருந்தால் இந்தத் திருத்தம் நன்றாகவே அமையும்.

இன்னொன்று தேதி. சுற்றுக்காட்சிக் கோப்புக்குள் எடுத்த நாளையும் நேரத்தையும், படத்தின் நடுப்பகுதி நோக்கும் திசையையும், கேமராவின் சாய்வையும் எழுதிவைக்க இடங்கள் உண்டு. இணையத்தில் ஏற்றும் அவசரத்தில் அவை பலமுறை அழிந்துபோகின்றன. அவற்றைக் காத்துவைத்து, அதே நிலையிலிருந்து ஐப்பசியிலோ கார்த்திகையிலோ மழை வெறித்த மறுநாள் மீண்டும் ஒரு சுற்றுக்காட்சி எடுத்தால், அறைப்படங்களை இணைத்த அதே புள்ளி பொருத்தும் முறை இரண்டு நாளின் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்த்திவிடும். வீடுகளின் மூலைகள் நகர்வதில்லை, தண்ணீர் மட்டுமே நகர்கிறது. 8000 பிக்சல் அகலமுள்ள படத்தில், 20 மீட்டர் தொலைவிலுள்ள மதில்சுவரின் மேல் ஒரு பிக்சல் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சமம். நீர்க்கறை அந்த நடுக்கோட்டுக்குக் கீழே எத்தனை பிக்சலில் நிற்கிறது என்று எண்ணி, அதைப் பேஸ்மென்டின் விளிம்போடு ஒப்பிடுவதற்கு, ஒரு நீள அளவுநாடாவுக்கு மேல் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.